வாட்டுக் கூடத்தில் காயவைத்த கார்

மச்சான், இன்றைக்குக் கோத்தகிரியில் கார் கழுவும் கடையைத் தாண்டும்போது அந்த வாசம் அடித்தது. ஸ்பிரிட்டும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி. யாருடைய வண்டிக்கோ செராமிக் கோட்டிங் போட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றுவிட்டேன். உங்கள் பழைய வெள்ளைக் காரும் ஒருநாள் இப்படித்தான் மணத்தது.

பச்சைத் தேயிலை விலை பறிகூலிக்கே காணாத நேரம் அது. நம் கட்டபெட்டில் வீட்டுக்கு ஒருத்தர் பிழைக்கத் திருப்பூருக்கு இறங்கியிருந்தார்கள். நீங்கள் மட்டும் மாட்டேன் என்றீர்கள். குன்னூரில் ஓர் ஓட்டலில் டூரிஸ்ட் வண்டி தேடினார்கள். கார் புதுசு மாதிரி இருந்தால் தினமும் ஓட்டம்.

"இது கெடச்சா உங்கக்காவ உட்டுப்போட்டு எங்கயும் போக வேண்டாம் மாப்ள."

"அக்காவ உட்டுப் போறதுக்கு இதவிட நல்ல சான்ஸ் வராதுங்க மச்சான், யோசிங்க" என்றேன்.

கோட்டிங் பூசிய கடைக்காரர், ஒரு நாளைக்குப் பனியோ தண்ணியோ படக்கூடாது என்றார். நம் ஊரில், அதுவும் மழை விடாத ஆடி மாசத்தில். அவர் கடையில் நிறுத்த இடமில்லை. இலை வராமல் பூட்டிக் கிடந்த டீ பாக்டரி உங்கள் நினைவுக்கு வந்தது. இலை வாட்டும் கூடத்தில் பெரிய பேன்கள் உண்டு. ஈர இலையே வாடுகிற இடத்தில் பெயிண்ட் காயாதா என்றீர்கள். வாட்ச்மேன் நமக்கு வேண்டியவர். காரை உள்ளே விட்டு, பேனையும் போட்டுவிட்டு வந்தோம்.

காலையில் கதவைத் திறந்தால், பேனடியில் தேங்கிக் கிடந்த பழைய டீத்தூளெல்லாம் பறந்து, காயாத கோட்டிங்கில் உட்கார்ந்து இறுகியிருந்தது. தடவினால் உப்புத்தாள்.

"கொஞ்சம் வெந்நி ஊத்துனா பேசஞ்சருக்கெல்லாம் டீ ஆச்சுங்க மச்சான்."

போனட்டில் கை ஊன்றிச் சிரித்தீர்கள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

தேய்த்து எடுத்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். அதற்குள் ஓட்டலில் வேறு வண்டி பார்த்துவிட்டார்கள். காரை விற்றுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனீர்கள். போனில் கூப்பிட்டால், "இங்க தொவச்ச துணி ஒரு மணி நேரத்துல காயுது மாப்ள" என்பீர்கள். வேறு எதுவும் சொல்ல மாட்டீர்கள். அந்தக் கம்பெனி கேட்டிலேயே நெஞ்சு வலித்து விழுந்து உயிர் போனதைக்கூட வேறு ஆள்தான் சொன்னார்.

இலை விலை இன்னும் எழவில்லை. அடுத்த வாரம் நானும் இறங்குகிறேன். அதே மாதிரி ஒரு கேட் காவல்தான். கவாத்து வெட்ட ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகிவிடும். கொண்டுபோகப் பெரிதாகச் சாமானும் இல்லை. நீங்கள் சிரித்துச் சிரித்துக் கெடுத்துவைத்த இந்த வாய் ஒன்றுதான் கூட வருகிறது. அங்கே அதற்கு யார் சிரிப்பார்கள் என்று தெரியவில்லை, மச்சான்.