காதுக்குள் ஒரு பாடம்

பிப்ரவரி 3

லாஸ்யாவின் ரிப்போர்ட் கார்டு வந்தது. எண்கள் நன்று. ஓவியம் நன்று. வாசிப்பு என்ற இடத்தில் சிவப்பு மையில், "படிப்பதில்லை."

படிக்கத் தெரியவில்லை என்று போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். படிப்பதில்லையாம்! தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து படிக்கிற பிள்ளை. வல, தல, பலக என்று தெலுங்குப் புத்தகத்தின் முதல் எட்டுப் பக்கமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மார்ச் 20ஆம் தேதி தலைமையாசிரியை முன்னால் படித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடமும் யு.கே.ஜி.தான். இவர் கார்டைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு ரைஸ் மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 5

ராஜமுந்திரியிலிருந்து நாத்தனார் கனகதுர்கா போன். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"பார்கவி இருந்திருந்தா இந்தப் பிள்ளை இந்நேரம் பேப்பரே படிச்சிருக்கும்டா தம்பி. ஃபெயிலாச்சுன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். என் வீட்டுல வளரட்டும்."

"பாக்கலாம்க்கா" என்றார் இவர். பாக்கலாமாம்! வேண்டாம் என்று ஒரு வார்த்தை வாயில் வராதா?

பார்கவி காய்ச்சலில் போய் மூன்று வருடம். நான் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து ஒன்றரை வருடம். லாஸ்யா என்னைச் சின்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தே ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பிடுங்கிக்கொண்டு போவார்களாம். விடமாட்டேன். ஆனால் நான் யார், விடமாட்டேன் என்று சொல்ல?

பிப்ரவரி 9

பக்கத்து வீட்டு மங்கத்தாயாரம்மா மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் தெருவே படிக்கும். "எருமை! கண்ணு எங்கடா இருக்கு, புறமண்டையிலயா?" கரண்டி பறக்கும். ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பெற்றவள் அடித்தால் அது கண்டிப்பு.

நான் தீபாவளிக்கு முன்னால் ஒரே ஒருநாள் "படிடி" என்று குரலை உயர்த்தினேன். லாஸ்யா அழுதாள். அரைக் கப் சர்க்கரை கேட்டுக்கொண்டு மங்கத்தாயாரம்மா வந்து நின்றாள், கண்ணெல்லாம் குழந்தையின் முதுகில். அன்று சாயங்காலமே ராஜமுந்திரியிலிருந்து போன். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர், என்ன செய்வது?

அன்றிலிருந்து எங்கள் பாடம் பின்னறையில்தான். கதவைச் சாத்தி, மின்விசிறியை ஐந்தில் வைத்து. நான் அவள் காதில் சொல்வேன், அவள் என் காதில் படிப்பாள்.

பிப்ரவரி 14

வாய் திறக்கும் என்று நாத்தனார் சொன்னபடி வசம்பு உரசி நாக்கில் தடவினேன். வாந்தி எடுத்தாள்.

பிப்ரவரி 20

இன்றும் வகுப்பில் வாயைத் திறக்கவில்லையாம். ஜெசிந்தா டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "வீட்டில் சொல்லிக்கொடுப்பது உண்டா?" உண்டாவாவது! இடுப்பு ஒடிய உட்கார்ந்திருக்கிறேன் நான்.

"என்கிட்ட படிக்கிறியே, அங்க ஏண்டி படிக்கல?" என்று காதில் கேட்டேன்.

"படிச்சேனே" என்றாள் என் காதில்.

பொய். என் முகத்தைப் பார்த்தே பொய். தொடையில் கிள்ளிவிட்டேன். பலமாகத்தான் கிள்ளினேன்.

அழுதாள் — வாயைக் கையால் பொத்திக்கொண்டு, துளி சத்தம் வராமல். தோள் மட்டும் குலுங்கியது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இப்படி அழ யார் சொல்லிக்கொடுத்தது?

பிப்ரவரி 21

குளிப்பாட்டும்போது பார்த்தேன். கன்றிப்போயிருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவினேன். ஊர் சொல்லும் அந்தச் சித்தி நான்தானோ?

பிப்ரவரி 26

பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். டீச்சர் மேஜை முன்னால் லாஸ்யா. விரல் வரிவரியாக நகர்கிறது, உதடு அசைகிறது. டீச்சர் வேறெதையோ எழுதிக்கொண்டே "சத்தமா, சத்தமா" என்கிறார். பின்னால் நாற்பது பிள்ளைகளின் கூச்சல். விரல் பக்கத்தின் அடிக்கு வந்து நின்றது. லாஸ்யா நிமிர்ந்தாள், முடித்துவிட்டேன் என்ற முகத்தோடு. "போ, உக்காரு. அடுத்தது யாரு?" என்றார் டீச்சர்.

படித்தாள். ஒரு எழுத்து விடாமல் படித்திருப்பாள். என் காதில் படிக்கிற மாதிரியே படித்தாள். படிப்பது என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளைப் பொய் சொன்னதாகக் கிள்ளினேன். ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்!

டீச்சரிடம் சொன்னேன். குனிந்து கேட்டுப் பாருங்கள் என்றேன்.

"விளையாட்டுல என்னமா கத்துறா! புக்கைத் திறந்தா மூச்சு இல்ல. நாப்பது பிள்ளைங்க வாயிலயும் காதை வச்சுப் பாக்க நான் என்ன டாக்டரா? பெரிய மேடம் முன்னாடி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கம்மா, அது போதும்."

பிப்ரவரி 27

முன்னறையில் உட்காரவைத்து, "சத்தமாப் படி கண்ணா" என்றேன். சுவரைப் பார்த்தாள். என் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"மெதுவா சின்னம்மா. அவங்க வந்துருவாங்க. அப்புறம் அத்தை போன் பண்ணுவாங்க. நாம மாட்டிக்குவோம்."

நாம என்றாள். சந்தோஷப்படுவதா, அழுவதா?

மார்ச் 6

வாசற்கதவை விரியத் திறந்துவைத்து நானே உரக்கப் படிக்கிறேன், ஒரு வாரமாக. அவளுக்குப் பயம் தெளியட்டும் என்று. தெரு வேடிக்கை பார்க்கிறது. அவளோ பின்னறைக்கு ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

மார்ச் 13

நாத்தனார் 21ஆம் தேதி வருகிறாளாம். இவர் பரணிலிருந்து ஊருக்குக் கொண்டுபோகும் பையை இறக்கித் தூசி தட்டினார்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கே, அதுக்குள்ள பையை ஏன் இறக்கறீங்க?"

"தூசியா இருந்துச்சு."

மனிதரா இவர்! வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பேச்சோடு பேச்சாக, கிள்ளியதையும் சொல்லிவிட்டேன். "பார்கவியும் கிள்ளுவா" என்றார்.

ஆனால் பையைத் திரும்பப் பரணில் போடவில்லை.

மார்ச் 15

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்தே நாள் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது, எழுத்து கலங்கியது. ஒரு வரியை விட்டு அடுத்ததைப் படித்திருக்கிறேன். மங்கத்தாயாரம்மா முறத்தோடு வந்து நின்றவள், "நல்லா இருக்கே! சொல்லிக்கொடுக்கிறவளுக்கே படிக்க வரல. பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?" என்று சிரித்தாள்.

"வரும்!"

பின்னறையிலிருந்து. லாஸ்யா ஓடிவந்தாள், முகமெல்லாம் சிவந்து. "எங்க சின்னம்மாவுக்கு எல்லாம் வரும்! எனக்கும் வரும்!" என் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்து, மங்கத்தாயாரம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் முழுவதையும் கத்தித் தீர்த்தாள். நரம்பு புடைக்க. பக்கம் முடிந்ததும் திருப்பி அடுத்த பக்கத்தையும்.

மங்கத்தாயாரம்மா முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "அடி ஆத்தி!" என்றாள்.

நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நன்றாக, சத்தம் போட்டு.

மார்ச் 20

படித்தாள். "போதும்மா, போதும்" என்று தலைமையாசிரியையே கையைக் காட்டி நிறுத்த வேண்டியிருந்தது. ஒன்றாம் வகுப்பு.

இவர் ராஜமுந்திரிக்குப் போன் செய்து, "இங்கயே இருக்கட்டும்க்கா" என்றார். அக்காவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம். கடைசியும் அதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 12

ஆவக்காய் ஊறுகாய்க்காக வெட்டி, ஈரம் போகத் துடைத்து, துணியில் பரப்பிவைத்திருந்த மாங்காய்த் துண்டுகளின் மேல் லாஸ்யா ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள். கழுவினாளாம். ஐம்பது காய்!

"கழுதை! எத்தனை தடவைடி சொல்றது உனக்கு!" என்று கத்தினேன். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"நீதான் கழுதை!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, காலை உதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கத்தி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாசலைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் வரவில்லை. மங்கத்தாயாரம்மா வீட்டில்தான் இருந்தாள், குக்கர் விசில் கேட்டது. அடுத்த வீட்டில் அம்மாவும் மகளும் தினம் போடுகிற சத்தம்தானே என்று இருந்திருப்பாள்.