கையில் நின்ற பினைல் மணம்

மாசி 2, திங்கள், 1981

விடியத் தூறல். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில். புள்ளையின் துணி பதினொன்று, எல்லாம் காய்ந்தது.

கை கழுவினது மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன் 41. பிறகு எண்ணவில்லை.

பால் போத்தல்: சவுக்காரம் 6, வெறும் தண்ணி 14, கொதி தண்ணி 3. கையின் பினைல் மணத்தைப் போக்கச் சவுக்காரம். சவுக்காரத்தைப் போக்கத் தண்ணி. தண்ணியிலும் கிணற்றுக்குப் போட்ட வெள்ளை மருந்து மணக்கிறது. அதை எதால் போக்குவது. நான் கழுவி முடிய, புள்ளை அழுது களைத்துப் பசியோடு தூங்கிவிட்டது.

தங்கச்சி நஸீமா பிள்ளைப்பேற்றில் மௌத்தாகி இன்றைக்கு மூன்று மாசமும் நாலு நாளும். புள்ளையின் வயதும் அதேதான்.

பின்னேரம் நஸீமாவின் மாமியார் பாலமுனையிலிருந்து வந்தார். புள்ளையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னகா இது, பூனக்குட்டி மாதிரி இரிக்கி?"

நான் கையைச் சீலைக்குள் மறைத்தேன்.

"உம்மாட பக்கம்தான் புள்ள வளர்ற வழமை. எனக்கும் தெரியும். ஆனா ஒன்ட கையப் பாரு. உப்புக்கண்டம் மாதிரி. இந்தக் கையால என்னத்த வளக்கப் போறாய்? வெள்ளி பின்னேரம் வருவன். இப்பிடியேதான் இரிந்தா தூக்கிட்டுப் போயிருவன். கோவிக்கப்படா."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார், "புள்ள போனா ஒனக்கு நிம்மதியா?" கோபமாகக் கேட்கவில்லை. நான் போய் அரிசி புடைத்தேன்.

மாசி 3, செவ்வாய்

இவர் என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். மூன்று நாளைக்குக் கையில் தண்ணி, சவுக்காரம் ரெண்டும் படக்கூடாதாம். மஞ்சள் களிம்பு தந்தார்கள். மணந்து பார்த்தேன். பினைல் இல்லை. இன்னொரு தரம் மணந்தேன்.

தண்ணியில் கை கால் கழுவி வுளூ செய்யாமல் எப்படித் தொழுவது? அடுத்த வளவில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற ஆசியாமாவிடம் போனேன்.

"தண்ணிக்குப் பதிலா தயம்மும் செய். மண்ணுல ரெண்டு தரம் தட்டு. மொகத்துக்கு ஒண்டு, கைக்கு ஒண்டு."

"மண்ணுல கோழி நடக்குது, எறும்பு நடக்குது ஆசியாமா."

"ஓம். நீயும்தான் நடக்கிறாய்."

"மூணாந்தரம் தட்டினா?"

"தூசிதான் கூடும்."

பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகோ.

வேலியோரம் வெயில் பட்ட புழுதி. தட்டினேன். உள்ளங்கை ரேகையெல்லாம் மாவாய்ப் படிந்தது. சுத்தமாவதற்கு மண்ணைத் தொடுவது. இது எப்படிச் சுத்தம் என்று கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணியென்றால் இன்னும் ஒரு தரம் ஊற்றலாம் என்றிருக்கும். மண்ணில் அந்த வழி இல்லை.

பயம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம் என்று தோன்றியது. இதுவரை பார்த்ததே இல்லை. அதற்கு முன்னமே கழுவிவிடுவேன்.

லுஹர்: பயம் வந்தது. சோறு வடிக்கும் வரை நின்றது.
அஸர்: வாசல் கூட்டி முடியப் போய்விட்டது. போய்விட்டதே என்று நினைத்ததும் திரும்பி வந்தது. பிறகு போனது.
மஃரிப்: பயம் கூடுதல். புள்ளை அழுததால் எப்போது போனதென்று கவனிக்கவில்லை.

போகிறது எங்கே போகிறது?

மாசி 4, புதன்

வெயில். தேங்காய் முடிந்தது.

பின்வளவில் தென்னை காய்த்துத் தொங்குகிறது. ஆனால் கக்கூசுக்கு வாங்கின பினைல் போத்தலை இவரைக் கொண்டு அதன் அடியில்தான் புதைப்பித்தேன். இப்போது அந்தத் தேங்காயும் ஆகாது. கிணற்றுக்கும் தென்னைக்கும் இடையில் 22 எட்டு. மெதுவாக நடந்தால் 24. இவர் சொன்னார், "எட்டக் கூட்டித் தென்னய நகத்தப் பாக்கிறியா?"

பால் போத்தலை இவர் கழுவுகிறார். என்னவோ முணுமுணுத்துக்கொண்டு சவுக்காரம் ஒரு தரம், அலசல் ரெண்டு தரம், ஒரு கொதி. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றிருந்தது. மூடாமல் பார்த்தேன். புள்ளை குடித்தது. ஏப்பம் விட்டது. உதடு நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணித்தியாலம். புள்ளையும் என்னையே பார்த்தது, நான்தான் ஏதோ காணாத புதினம் என்பது போல.

இதையும் எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு ஆசுபத்திரியில் தரை துடைத்திருந்தது. பினைல். நான் ஓடி வந்ததில் சறுக்கிக் கையை ஊன்றினேன். கையைச் சீலையில் துடைத்த ஞாபகம். துடைத்தேனா? நஸீமா தண்ணி கேட்டாள். உள்ளங்கையில் ஊற்றி உதட்டில் வைத்தேன். குடித்தாள். "போதும் ராத்தா" என்றாள். பிறகு ஒரு மணித்தியாலம் இருக்காது, மூச்சு நின்றது.

இரத்தப்போக்கு என்று டாக்குத்தர் சொன்னார். சீலையெல்லாம் இரத்தம், நான்தான் பார்த்தேன். எனக்கும் தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை.

மாசி 5, வியாழன்

களிம்பு வேலை செய்கிறது. விரலிடுக்கில் வெடிப்பு மூடி வருகிறது.

தயம்மும் 5. ஒவ்வொன்றும் ரெண்டு தட்டுத்தான். மூன்றாவதுக்குக் கை தானாகப் போனது, இரண்டு நேரம். பிடித்து மடியில் வைத்தேன்.

கண்டுபிடித்தது: காலையில் ப. (பயம்) நீளம், மாலையில் கட்டை. சும்மா நின்றால் கூடுதல், வேலை செய்தால் குறைவு. போகட்டும் என்று காத்திருந்தால் போகாது. ஆசியாமாவிடம் சொன்னேன். "அந்தச் சந்தேகத்துக்கு வஸ்வாஸ் எண்டு பேர். வுளூவில கன பேருக்கு வாற. ஒனக்கு மட்டும் எண்டு நெனச்சியா?" என்றார். பேர் இருப்பது எனக்குத் தெரியாது. பேர் தெரிந்ததும் ஆளைப் பார்த்தது போல இருந்தது.

இவர் பின்னேரம் வெள்ளாமை வெட்டுக்கு வயல் வட்டைக்குப் போனார். சனி பின்னேரம்தான் வருவார். நாளைக்குப் போத்தல் கழுவுவது நான்தான்.

மாசி 6, வெள்ளி

காற்று. புழுதி.

மூன்று நாள் முடிந்தது, தண்ணி தொடலாம். காலைப் பால்: சவுக்காரம் 4, அலசல் 9. வெட்கம். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஜும்மா முடிந்து மூன்று மணிக்குப் பாலமுனை மாமி வந்தார். பாயில் வந்து இருக்கும்போதே கேட்டார்.

"புள்ளட துணியெல்லாம் கட்டி வெச்சனியா?"

"இல்ல மாமி."

"ஏன்?"

"கட்டக் கை வரல்ல."

புள்ளை அழத் தொடங்கியது. மாமி மடியில் போட்டுக்கொண்டு, "போ, பால் கொண்டா. நீதான் குடுக்கணும். பாப்பம்" என்றார்.

குசினிக்குள் போனேன். சவுக்காரம் 1. அலசல் 2. கொதி 1. மூன்றாவது அலசலுக்குச் சட்டியை எடுத்துவிட்டேன். புள்ளை அழுகிற சத்தம். சட்டியை வைத்தேன்.

வந்து மாமிக்குப் பக்கத்தில் இருந்தேன். கையைப் பார்த்தபடியே, என்னையறியாமல், ஆசுபத்திரியில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சறுக்கினது, உள்ளங்கை, தண்ணி, எல்லாம்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நானும்தான் தண்ணி குடுத்தன். முந்தானைய நனச்சி ரெண்டு சொட்டு. நீ கண்டிருக்க மாட்டாய். என்ட மகனும் குடுத்தான். எல்லாரும்தான் குடுத்தம்."

"என்ட கையில பினைல் இரிந்த மாமி."

என் கையைப் பிடித்து இழுத்து மணந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் மணக்கல்ல." பிறகு, "மூக்கடைப்பு வேற" என்றார்.

ரெண்டு பேரும் அழுதோம். சிரிப்பும் வந்தது. புள்ளை பொறுக்காமல் கத்தியது. போத்தலை வாயில் வைத்தேன். இழுத்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். புள்ளை விடவில்லை, கவ்விப் பிடித்துக்கொண்டது. மிடறு எண்ணினேன். 30 வரை எண்ணினது. பிறகு எண்ணாமல் முகத்தைப் பார்த்தேன். குடிக்கும்போது புருவம் ஏறி இறங்குகிறது. நஸீமா யோசிக்கும்போது ஏறுவது போல.

மாமி ஐந்து மணி பஸ்சுக்கு எழும்பினார். கொண்டுவந்த பையை வெறுமையாகவே மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

"அடுத்த வெள்ளியும் வருவன்."

"தூக்கிட்டுப் போகவா?"

"பாக்க."

மாசி 7, சனி

விடிய நல்ல வெயில். அப்பம் சுட்டேன், ஒன்று கருகியது.

இன்றைய முதல் வுளூ: முகம் 3, கை 3, கால் 3, அவ்வளவுதான். பிறகு நின்று பார்த்தேன். கிணற்றுக் கயிற்றைப் பிடித்த கை விட மனமில்லை. விட்டது.
கை கழுவினது லுஹர் வரை 17.

புள்ளை மடியில் தூங்குகிறது. இடது கையால் கொப்பியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இப்போது குனிந்து தலையை மணந்து பார்த்தேன். பால். வியர்வை. அதற்குள் பினைலும் கொஞ்சம், ஒள்ளுப்போல, இருந்த மாதிரி. கழுவ எழும்பவில்லை.