உச்சிக்கு அரைமணி இருக்கையில்

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், பக்கத்து வீட்டு மதிலோரம் கிறிஸ்துமஸுக்கு வைத்த நத்தார் மரம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஜனவரி பிறந்தால் லண்டன் ஹரோவின் தெருக்களெல்லாம் இப்படித்தான். பண்டிகை முடிந்த மரங்கள், குப்பை எடுக்கும் கவுன்சில் லொறிக்காக மழையில் நனைந்து கிடக்கும். குனிந்து ஒரு சிறு கொப்பை முறித்து விரல்களுக்கிடையே கசக்கினேன். பிசினும் ஈரமும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும், ரயிலுக்கு நேரமாவதையும் மறந்து அப்படியே நின்றுவிட்டேன். சுவிஸ் மலைக்காட்டுப் பாதையில், எனக்கு முன்னால், சிநேகிதி, நீர் ஏறிக்கொண்டிருந்தீர்.

நாம் சந்தித்தது ஒரு கார் நிறுத்துமிடத்தில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, தாய்மார் நாங்கள் அவரவர் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு ஃபோனைப் பார்த்தபடி கிடப்போம். ஒரு நாள் என் கண்ணாடியில் தட்டினீர். பஸ் ஓட்டுகிறவர் என்பதைத் தவிர உம்மைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

"கிழமை முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னாலை இருக்கிறன். சனிக்கிழமையும் இருக்கேலாது. இறங்குங்கோ, நடந்திட்டு வருவம்."

இறங்கினேன். மறுத்துப் பேச இடம் வைக்காத குரல் அது. அன்றைக்குப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றினோம். அடுத்தடுத்த வாரங்களில் மற்றக் கார்களின் கண்ணாடிகளையும் தட்டினீர். குளிர் முடிவதற்குள் ஏழு பேரானோம். ஒரே வயதுக்காரிகளான நாம் இருவரும் 'நீங்கள்' என்பதை விட்டு 'நீர்' என்று பேசத் தொடங்கியதும் அந்த நடையில்தான்.

பிள்ளைகள் வளர்ந்து வகுப்பை விட்டார்கள். நாங்கள் நடையை விடவில்லை. கடைசியில் சுவிசில் இருக்கும் உம்முடைய தங்கச்சி, மலை மேலே ஒரு குடிலில் எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தாள். "இந்த வயசிலை மலையிலை ஏறி என்னத்தைக் காணப்போறியள்?" என்று என் கணவர் சிரித்தார்.

"இதுவரைக்கும் காணாததைத்தான் அண்ணை" என்றீர்.

அந்தக் காடு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பாதைக்குக் குறுக்கே படிக்கட்டுப்போல ஓடிக் கிடந்த வேர்கள். எங்கே நிற்கின்றன என்றே தெரியாத மாடுகளின் மணியோசை. மரங்களுக்கிடையே திடீர் திடீரென்று திறந்து மூடிய வெயில். வளைவுகளில் நின்ற மஞ்சள் கைகாட்டிகளில் தூரம் எழுதியிருக்கவில்லை, நடக்க எடுக்கும் நேரத்தைத்தான் எழுதியிருந்தார்கள். "நிமிசக் கணக்குக் காட்டுற எங்கடை பஸ் ஸ்டொப் மாதிரி" என்றேன். "ஓம், ஆனா இதை நம்பலாம்" என்று நீரே உம்முடைய தொழிலைப் பகிடி பண்ணினீர். ஒரு மரத்தடியில் இருந்து, வெள்ளித்தாளில் சுற்றிக் கொண்டுபோன ஆறிப்போன ரோல்ஸைச் சாப்பிட்டோம். அதைப்போல ருசியான ரோல்ஸை நான் பிறகு சாப்பிடவில்லை.

மரங்கள் முடிந்து வெறும் பாறையும் புல்லும் தொடங்கிய இடத்தில் உச்சியில் நட்டிருந்த சிலுவை தெரிந்தது. கடைசிக் கைகாட்டி அரைமணி என்றது. முன்னால் இரும்புக்கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய சரிவு. குடிலை நடத்தும் பெண், பின்னேரம் இடி மின்னல் வரக்கூடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். மேற்கே முகில் கறுத்துக்கொண்டு வந்தது. நீர் நின்று அதையே பார்த்தீர். பிறகு எங்கள் பக்கம் திரும்பினீர்.

"திரும்புவம்."

ரஞ்சி வெடித்தாள். எங்களில் இளையவள் அவள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து, இந்த ஒரு நாளுக்காக ஒரு வருடம் பயிற்சி எடுத்தவள்.

"என்ன கதைக்கிறியள் அக்கா? அந்தா, கண்ணுக்கு முன்னாலை நிக்குது! மற்ற ஆக்கள் ஏறிக்கொண்டுதானே இருக்கினம்?"

"அவை ஏறட்டும். நாங்கள் திரும்புவம்."

"நான் எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் ரஞ்சி. பஸ்ஸிலை வாற ஆக்களுக்கு அவசரம் இருக்கும். ஓட்டுற எனக்கு இருக்கக்கூடாது."

யாருக்கும் முகம் சரியில்லை. எனக்கும் ஏறத்தான் ஆசை. ஆனாலும் உமக்குப் பின்னால் எல்லோரும் இறங்கினோம். காட்டுக்குள் வந்த பிறகும் இடிக்காகக் காது கொடுத்துக்கொண்டே நடந்தோம். இடி இடிக்கவில்லை. ஒரு துளி மழைகூட விழவில்லை.

குடில் முற்றத்தில் சூப் வந்தபோது முகில் முழுதாகக் கலைந்திருந்தது. மாலை வெயிலில் அந்த உச்சி பொன்போல மின்னியது. மேலே போனவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிவந்து, தாங்கள் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். நாங்கள் மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். நீர் மட்டும் கதிரையைத் திருப்பிப் போட்டு, மலையைப் பார்த்தபடி இருந்தீர்.

"பாத்தீங்களே அக்கா? மழையும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றாள் ரஞ்சி. குரல் உடைந்திருந்தது.

"ஓம் ரஞ்சி. மழை வரேல்லை. நான் நினைச்சது பிழைச்சுப் போச்சு." கரண்டியைக் கீழே வைத்தீர். "ஆனா நாளைக்கும் இப்பிடி முகில் வந்தா, நாளைக்கும் திருப்பித்தான் கொண்டுவருவன். கோவிக்கிறதெண்டா கோவியும்."

அந்த நேரம் எனக்குள் எழுந்ததை அன்று உம்மிடம் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் நீரும் ஊரில் வளர்ந்த போர்க் காலத்தில் எங்களுக்கு வழிகாட்ட வந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட, 'போதும், திரும்புவோம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'நான் நினைத்தது பிழைத்துவிட்டது' என்று சொல்லியும் கேட்டதில்லை. இரண்டையும் ஒரே நாளில் சொன்ன ஒருத்தி என் சிநேகிதி என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ரஞ்சி உம்மோடு வழமைபோலக் கதைக்கச் சில மாதங்கள் ஆயின. ஆனால் அடுத்த கோடையில் மலைக்கு வருவோரின் பெயர் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். அந்த முறை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. இரும்புக்கயிற்றைப் பிடித்து எல்லோரையும் முன்னால் ஏறவிட்டுக் கடைசியாக வந்தீர். உச்சியில் ரஞ்சி உம்மைக் கட்டிப்பிடித்து அழுதாள். "சரி சரி, இறங்கவும் வேணும், அழுது களைக்காதையும்" என்றீர். உம்முடைய கண்ணும் நனைந்திருந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நோய் வந்ததும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நீர் அலைந்ததும் நீண்ட கதை. அதை இங்கே எழுதப்போவதில்லை. உம்முடைய இறுதிச் சடங்கைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீர் அதைப் பார்க்கவில்லை. பஸ் கராஜிலிருந்து பலர் சீருடையோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். எங்கள் சார்பில் பேசச் சொல்லி ரஞ்சியைக் கேட்டோம். உச்சியில் நின்ற நாளைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி இறங்கிய நாளைச் சொன்னாள். பின்னால் நின்றவர்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். "அண்டைக்கு ஒரு சொட்டு மழை பெய்யேல்லை" என்று அவள் முடித்தபோது அந்த மண்டபமே அழுகைக்கு நடுவில் சிரித்தது. உம்மோடு வேலை செய்த ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

இப்போது முன்னால் நடப்பவள் நான். நான் கேட்டு எடுத்த பொறுப்பல்ல. ஒரு சனிக்கிழமை எல்லோரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள், நடக்கத் தொடங்கினேன்.

போன கோடையில் அதே மலைகளில் வேறொரு பாதையில் போனோம். காட்டின் நடுவே புயலில் சரிந்த மரங்கள் வழியை மறித்துக் கிடந்தன. போகக்கூடாது என்று குறுக்கே சிவப்பு வெள்ளைப் பட்டி கட்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த இளம் பெண்கள், "குனிஞ்சு போனா போகலாம் அன்ரி, அந்தப் பக்கம் வழி வடிவாத் தெரியுது" என்றார்கள். எனக்கும் தெரிந்தது. சற்றுத் தள்ளி ஏரியின் நீலமும் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தோம்.

"திரும்புவம்" என்றேன்.

ஒருத்தி முணுமுணுத்தாள், முணுமுணுக்கட்டும் என்று விட்டேன். ரஞ்சி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முதல் ஆளாகத் திரும்பி நடந்தாள். பட்டிக்கு அப்பால் பாதை நன்றாகத்தான் இருந்ததோ என்னவோ, எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே, தலை நிமிர்ந்து இறங்கிவந்தோம்.