கல் உடைத்த பதினோரு பேர்

27 ஜனவரி 1985, ஞாயிறு

டெல்லியில் பிரதமர் அம்மாவைச் சுட்டு மூன்று மாதம். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்தபடியே நம் முதலமைச்சர் ஓட்டில் ஜெயித்து ஒரு மாதம். இந்த நோட்டு ஆரம்பித்தது அப்போதுதான். பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

சொல்வது நான். எழுதுவது ஆதிமூலம், எங்கள் காலனிப் பையன், லாரி ஷெட்டில் பஞ்சர் ஒட்டுகிறவன். எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்துக்குப் பெருவிரல்.

ஜெர்மன்காரி ஒருத்தி ஊருக்குப் போகும்போது காமிரா, டேப் ரெக்கார்டர், சுவரில் படம் காட்டும் மெஷின் மூன்றையும் ராஜமாணிக்கம் வாத்தியாரிடம் விட்டுப் போனாள். அவர் செங்கம் ரோட்டில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து, தினம் ஆறு மணிக்குமேல் ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார். ஹாலைப் பெருக்குவது நான். ஏழு மணி டிபனும் நான்தான்.

வகுப்பில் எல்லாரும் நோட்டு எழுத வேண்டுமாம். "நான் வகுப்பா சார்? நான் உப்புமா" என்றேன். "உப்புமா இல்லாம எந்தப் புள்ள வருது? நீங்களும் எழுதணும்" என்றார்.

எழுதத் தெரியாதவருக்கு இன்னொருவர் கை. மார்ச் முதல் கை மாறும். புதுக் கை, முன்னால் எழுதியதை உரக்கப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது.

31 ஜனவரி

ஒன்பது பேர். ஆட்டோ ஓட்டும் பாய் வீட்டுப் பையன், கோபுர வாசலில் பூக்கட்டும் வள்ளி, அடி அண்ணாமலை ரெட்டியார் மகன், கான்வென்டில் படித்து இங்கிலீஷில் கோபித்துக்கொள்ளும் ஒரு பெண். தெருவில் பார்த்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டார்கள். இங்கே ஒரே வயருக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார் வாத்தியார். படம் எடுப்பது ஆதிமூலம். குரல் பிடிப்பது சுனந்தா. அவள் போளூர்ப் பக்கத்து ஜைன வீட்டுப் பெண். மாமா வீட்டில் தங்கி டைப் அடிக்கப் படிக்கிறாள். கொசு மாதிரிப் பேச்சு.

3 பிப்ரவரி

பங்குனிப் பவுர்ணமிக்கு அடி அண்ணாமலையில் படம் காட்டப் போகிறார்கள். மலை சுற்றும் பாதையைப் போட்டது யார் என்று படம். "தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று வாத்தியார் கேட்டார். நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன். காந்தி செத்த வருடம். என்னையும் சேர்த்து எங்கள் காலனியிலிருந்து பதினோரு பேர். மற்ற பத்துப் பேரின் பேரையும், எவன் எந்த வளைவில் உட்கார்ந்து கல் உடைத்தான் என்பதையும் சொன்னேன்.

8 பிப்ரவரி

சுனந்தா இன்றும் சாப்பிடவில்லை.

12 பிப்ரவரி

இன்று ஐந்தாம் தடவை. தட்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே, "வேணாம் தாத்தா." இந்த வேணாம் எனக்குத் தெரியாதா?

கல் உடைத்த அந்தக் கோடையில் அடி அண்ணாமலையில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மாள் சொம்பை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி ஊற்றினாள். குனிந்து கையைக் குவித்தேன். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக மண்ணுக்குப் போனது. சொம்பின் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அதுகூட மறக்கவில்லை.

எழுதுடா. சுனந்தா என் கையால் சாப்பிட மாட்டாள். காலனிக் கை.

ஆதிமூலம் பேனாவை நிறுத்தினான். "நெஜமாவா தாத்தா?"

"எழுவத்திரெண்டு வயசாச்சு. எனக்குத் தெரியாதா?"

காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதுகிறான்.

5 மார்ச்

இப்போது எழுதுவது வேறு கை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அதை எழுதின மறுநாளே ஆதிமூலம் காமிராவை மேஜைமேல் வைத்தான். சுனந்தாவைப் பார்த்து, "எங்க கை சோறு ஆவாது, எங்க கை பட்ட காமிரா மட்டும் ஆவுமா? நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அவனைப்போல் படம் எடுக்க இங்கே ஆள் இல்லை. மூன்று வாரமாக ஒரு படம்கூட எடுக்கவில்லை.

போன ஞாயிறு வாத்தியார் எல்லாரையும் கீழ்பென்னாத்தூருக்கு அழைத்துப் போனார், கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிறவர்களின் பேச்சைப் பிடிக்க. உச்சி வெயிலில் நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்தேன். சுனந்தா முதல் ஆளாகக் கையை நீட்டினாள். தின்றாள். "இன்னும் கொஞ்சம் வைங்க தாத்தா" என்றாள்.

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. "ஹால்ல மட்டும் ஏம்மா வேணான்ற?"

"பொழுது எறங்கினா நாங்க சாப்பிட மாட்டோமே. எங்க ஆயா தண்ணிகூட குடிக்காது. ஏழு மணிக்குக் குடுத்தா நான் என்னா பண்றது? போற வரைக்கும் வயிறு கத்தும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

"எங்க ஊர்ல இத யாரும் சொல்றதே இல்ல தாத்தா. எல்லாருக்கும் தெரியும்."

எனக்கும் தெரியும்! அதைத்தான் தாங்க முடியவில்லை. இதே கீழ்பென்னாத்தூரில், கல்யாணத்துக்கு முன்னால், இரண்டு வருடம் ஒரு ஜைன நயினார் வீட்டுக் கொல்லையில் கூலி வேலை செய்தேன். வெளிச்சம் இருக்கும்போதே அந்த வீட்டில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். எங்கள் கூழும் அதற்குமுன் வந்துவிடும். சொம்பின் நெளிவு ஞாபகம் இருக்கிறது, இது எங்கே போனது? இத்தனை நாள் என் ஞாபகத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாத்தியார் சொன்னார்: "தாத்தா நோட்டுக்கு இந்த மாசம் சுனந்தா." அந்தப் பக்கத்தை அவள் உரக்கப் படிக்க வேண்டும். ஹால் சாவி என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு நாள் நோட்டைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். ஒரே ஒரு தாள். கிழிக்கவில்லை. எந்தத் தாள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

இன்று படித்தாள். அவள் பேர் வந்த இடத்தில் குரல் இறங்கியது. நிறுத்தாமல் படித்து முடித்தாள். "காலனிக் கை" என்பதையும்.

"நான் சொன்னது தப்பு கண்ணு. அப்பிடியே எழுதிக்கோ" என்றேன்.

அவள் எழுதவில்லை. "முழுசா தப்புன்னு எழுத முடியல தாத்தா. எங்க ஊர்லயும் சொம்பத் தூக்கித்தான் ஊத்துவாங்க. நானே பாத்துட்டு நின்னிருக்கேன்."

அதையும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள்.

6 மார்ச்

நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போனேன். ஆதிமூலம் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். "படிடா" என்றேன். கையைத் துடைத்துவிட்டுப் படித்தான். வெகு நேரம்.

"இது அவ எழுத்து."

"ஆமா."

"இத அவளே எழுதினாளா?"

"நான் சொல்லச் சொல்ல. கடைசியா ஒண்ணு அவளா சொன்னது."

"யோவ் தாத்தா, உன்ன நம்பி நான் அவள என்னா பேச்சு பேசிட்டேன்!"

திட்டினான். கேட்டுக்கொண்டேன்.

8 மார்ச்

ஆதிமூலம் வந்தான். அவனும் சுனந்தாவும் பேசிக்கொள்ளவில்லை. வயரை மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள்.

இன்று முதல் டிபன் வகுப்புக்கு முன்னால், ஐந்தரைக்கு. வாத்தியார் மணியைத்தான் மாற்றினார், காரணம் சொல்லவில்லை. சுனந்தா இரண்டு கரண்டி உப்புமா தின்றுவிட்டு, "உப்பு ஜாஸ்தி தாத்தா" என்றாள். ஆதிமூலம் சிரித்துவிட்டான்.

6 ஏப்ரல்

நேற்றுப் படம் காட்டினோம். அடி அண்ணாமலைக் கோயிலுக்கு வெளியே இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துக் கட்டினார்கள். மலை சுற்ற வந்தவர்கள் நின்றார்கள். சொம்பைத் தூக்கி ஊற்றிய அந்த வீட்டுத் தெருக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

செத்தவர்களுக்குப் படம் ஏது? ஆதிமூலம் அவரவர் உட்கார்ந்து உடைத்த வளைவைப் படம் எடுத்திருந்தான். ஒவ்வொரு பேருக்கும் ஒரு துண்டு ரோடு. என் குரல் பேரைச் சொல்லும், ரோடு வரும். காத்தவராயன், காலராவில் போனான். பச்சையப்பன், வெடியில் போனான். சின்னப்பையன், குடித்தே போனான். இப்படிப் பத்து ரோடு.

பத்தாவது முடிந்ததும் டேப்பில் சுனந்தாவின் குரல். குரல் பிடித்த அன்று அவள் கேட்டதை அப்படியே விட்டிருக்கிறார்கள். "பதினோராவது ஆளு யாரு தாத்தா? உங்க பேரு என்னா? நாங்க யாருமே கேக்கல பாருங்க."

வேட்டியில் ரோடு போய் ஒரு முகம் வந்தது, இரண்டு ஆள் உயரத்துக்கு. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. நானும் பார்த்தேன். டேப்பில் என் குரல்:

"அப்பாசாமி. அவன் ஒருத்தன்தான் இருக்கான்."