சூட்டுச் சளி

செவ்வாய்க்கிழமை, இரவு

எழுத வேண்டியவை:
1. எனக்கு வந்திருப்பது சூட்டுச் சளி. வெயிலில் கொரட்டூர் ஸ்டேஷன் வரை நடந்ததால் வந்தது. யாருக்கும் ஒட்டாது.
2. மருந்துக்கடையில் கேட்டது.
3. குழந்தையின் தும்மல்.

காலையில் பேத்தியைத் தூக்கினேன். பிறந்து நாற்பத்தோரு நாள். மருமகள் தயங்கினாள். "மாமா, உங்களுக்கு மூக்கு ஒழுகுதே, பாப்பாவைத் தூக்கலாமா?"

"சூட்டுச் சளிம்மா, ஒட்டாது" என்றேன். படித்தவர் சொல்கிறார் என்று நம்பிக் கொடுத்துவிட்டாள்.

மாலையில் மருந்துக்கடையில், சீக்கிரம் குணமாக ஆன்டிபயாடிக் கேட்டேன். வீட்டில் கைக்குழந்தை இருப்பதையும் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "சளிக்கு அது வேலை செய்யாது சார். வெந்நி குடி, ரெஸ்ட் எடு, தானா போய்டும்."

சூட்டுச் சளி என்றேன்.

"கிருமி இன்னா, சூடா குளிரான்னு கேட்டுகினா வருது? எல்லாமே ஒட்டும். ஊட்ல கொழந்தை கீதுன்ற, தூக்காத சார்."

திரும்பி வந்தபோது குழந்தை தும்மியது. அப்புறம் இரண்டு முறை. பச்சைக் குழந்தை சும்மாவும் தும்மும் என்று மருமகள் சொன்னாள். கடைக்காரர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. 

இப்போது அடுத்த அறையில் பால் குடிக்காமல் அழுகிறது. மூக்கு அடைத்திருந்தால் அவ்வளவு சின்ன உயிர் எப்படி மூச்சு விட்டுக்கொண்டு பால் குடிக்கும்?

முதல் குறிப்பு தவறு. அதை இங்கே எழுதி என்ன பயன்? கதவைத் தட்டி அவளிடம் சொல்ல வேண்டும். டாக்டரிடம் இப்போதே போக வேண்டும். பேனாவை மூடுகிறேன்.