மதினி வரைந்த மீசைக்காரன்

என் பிரியமான மதினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்கு மறுபடியும் போகத் தொடங்கிவிட்டேன். அண்ணன் முறித்த வலது கையில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் மைப்பேனா பிடித்தால் கோடு நடுங்குகிறது. "நடுங்கினா நடுங்கட்டே குட்டி, கோணல் மூக்குதான் அழகு" என்கிறார் டீச்சர்.

ஈரத்தாளில் வாட்டர்கலரைப் பரவவிட்டு, காய்ந்ததும் மையால் கண்ணும் மூக்கும் போடவேண்டும். நான் எதைப் போட்டாலும் உருளைக்கிழங்குதான். உங்கள் தாளிலோ பூசணிக் கன்னக்காரிகள், ஒற்றைப்பல் தாத்தாக்கள். நம் கரமனை வீட்டில் நீங்கள் வாய்விட்டுச் சிரித்து, நாம் சேர்ந்து வகுப்புக்குப் போன அந்த மாதங்களில்தான் கேட்டேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு மீசைக்காரனை வரைந்தீர்கள். மீசை காதைத் தொட்டது. வேலை முடிந்து வந்த அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"யாருடி இது? நானா?"

"யாருமில்ல. சாயம் பரவினப்போ தானா வந்த மூஞ்சி."

"என்ன வச்சுச் சிரிக்கியா?"

தாளைக் கிழித்தான். உங்கள் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மறுபடியும் மோதினான். நான் அவன் முதுகில் ஏறித் தோளைக் கடித்தேன். கையை முறுக்கி என்னைச் சுவரில் எறிந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். நான் கத்தக் கத்த உங்களை அடித்தான். பக்கத்து வீட்டார் கதவை உடைத்து வந்தபோது நீங்கள் அசையவில்லை.

அந்த மீசைக்காரன் அவன்தானா மதினி? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே.

ஆஸ்பத்திரியில் அம்மா என் காலைப் பிடித்தாள். "அவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லு மோளே. உனக்கு ஒரே கூடப்பொறந்தவன்லா."

"என் கைய முறிச்சதும் அவன்தானம்மா" என்றேன். இப்போது ஹாஸ்டலில் இருக்கிறேன். அம்மா என் போனை எடுப்பதில்லை.

போன வாரம் கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறினேன். அவன் வக்கீல் கேட்டார்: "ஒரு கார்ட்டூன் மூஞ்சிக்காகவா ஒருத்தன் கொல்லுவான்?"

"முன்ன மீன்கறி ஆறிப்போனதுக்கு அடிச்சான். பஸ் லேட்டானதுக்கு அடிச்சான். அப்பல்லாம் அவங்க சாகல, அதான் யாரும் கேக்கல."

அண்ணன் முறைத்தான். முன்பெல்லாம் அந்தப் பார்வைக்குத் தலைகுனிவேன். அன்று நானும் முறைத்தேன். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் கை பரபரத்தது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தீர்ப்பு இன்னும் வரவில்லை. மேல்கோர்ட்டுக்குப் போனாலும், அம்மா மறுபடி என் காலில் விழுந்தாலும், கண்டதைக் கண்டபடியே சொல்வேன். ஒரு சொல்லும் மாற்றமாட்டேன் மதினி.

உங்கள் நாத்தனார்,
செல்வி