ஓடையில் கட்டாத கொட்டகைகள்

சான் லினோ,
ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய இர்மா ஓயார்சூன் அம்மா அவர்களுக்கு,

சான் லினோ செம்பு ஆலையில் கான்கிரீட் மேஸ்திரியாக இருக்கும் நொல்பெர்த்தோ தாப்பியா வணக்கத்துடன் எழுதுவது. என் பெயர் மறந்திருந்தாலும் முகம் மறந்திருக்காது. இரண்டு வருடங்களுக்கு முன் வறண்ட ஓடையில் தொழிலாளர் தங்கும் கொட்டகைகள் கட்டச் சுற்றுச்சூழல் துறை அனுமதி தரவில்லை என்று உங்கள் வண்டியை மறித்த கூட்டத்தில் முதல் ஆளாக நின்று கத்தியவன் நான்தான். நீங்கள் இருக்கும் தென்கோடியில் இந்நேரம் குளிர் ஆரம்பித்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் பேசியதை எழுதவே கை கூசுகிறது. "ஏழு வருஷமா ஒரு தூறல் இல்லாத ஊரும்மா இது. என் மாமியாருக்குத் தாடி முளைச்சாலும் முளைக்கும், இந்த ஓடையில தண்ணி வராது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "முளைச்சா ஒரு போட்டோ அனுப்புங்க. ஆனா தண்ணி எந்தப் பக்கம் போகும்னு தெரியிற வரைக்கும் அந்த ஓடையில ஒருத்தரையும் தூங்க விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்கள்.

அந்த அனுமதி வராமல் பதினோரு மாதம் ஆலை கட்டும் வேலை நின்றது. நான் பள்ளத்தாக்கில் திராட்சை பறிக்கப் போனேன். என் மனைவி எதுவினா வாசலில் அடுப்பு வைத்து எம்பனாதா, அதுதான் இறைச்சி வைத்து மடித்த அப்பம், சுட்டு விற்றாள். மாவு பிசையும்போதெல்லாம் உங்களைத் திட்டுவாள். நானும் தடுக்கவில்லை.

பிறகு ஆலை அலுவலகத்தில் கோப்பு அடுக்க ஆள் தேவை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். ஓடையின் மண் விவரமும் பழைய வெள்ளத் தடயங்களின் அளவும் கேட்டு நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கம். அதற்குப் பதில் எழுத வேண்டிய எங்கள் ஆலைப் பொறியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆளைப் போடவில்லை. எட்டு மாதமாக அந்தக் கடிதம் ஒரு மேசையில் கிடந்திருக்கிறது, அம்மா! பதில் வந்த பிறகு நீங்கள் எடுத்துக்கொண்டது மூன்றே மாதம். ஆனால் ஆலையின் அறிக்கையில் பதினோரு மாதமும் சுற்றுச்சூழல் துறையால் ஆன தாமதம் என்று எழுதியிருந்தது. மேலாளர் பாஸ்குன்யானிடம் கேட்டேன். "அவங்க மேல போட்டுட்டா யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க, தாப்பியா. நீ கோப்ப அடுக்கு" என்றார். நானும் அடுக்கினேன். உங்களை இடம் மாற்றிய செய்தி வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் தொழிலாளர் கொட்டகைகளை மேட்டில் கட்டினோம். வேலையிடத்திலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணம். அதற்கும் முணுமுணுத்தோம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மலைப் பக்கம் கறுத்தது. புதனன்று மதியம் மூன்று மணிக்கு ஓடை வந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது; சேறும் பாறையும் சேர்ந்து உறுமிக்கொண்டு வந்தது. தண்ணீர் லாரி ஒன்றைப் புரட்டிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். பழைய திட்டப்படி கொட்டகைகளுக்காக முளைக்குச்சி அடித்திருந்த இடத்தில் சேறு இரண்டு ஆள் உயரம். ஊரின் கீழ்த்தெருவில் மூன்று வீடுகள் போயின. ஆட்கள் எப்படியோ ஏறித் தப்பினார்கள்.

என் மகள் மரித்சாவை உங்களுக்குத் தெரியாது. ஆலையில் கனரக லாரி ஓட்டுகிறாள், இரவு ஷிப்ட். மதியம் மூன்று மணி என்றால் அவளுக்கும் அவளோடு வேலை செய்யும் நூற்று எண்பது பேருக்கும் நல்ல தூக்க நேரம். சத்தம் கேட்டு எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு மேட்டு விளிம்பில் நின்று அவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, "ஏம்பா இப்படி மூச்சு வாங்குறீங்க? எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன்.

போன வாரம் வெள்ளம் பற்றிய விசாரணைக் குழு வந்தது. அந்த எட்டு மாதக் கதையை நான் எழுத்தில் கொடுத்துவிட்டேன். கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பாஸ்குன்யான் இப்போது என்னோடு பேசுவதில்லை. வேலை போனால் போகட்டும். திராட்சைத் தோட்டம் இருக்கிறது. இதை முன்பே செய்திருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நன்றி சொல்ல மட்டும் உரிமை உண்டு என்று எதுவினா சொல்கிறாள்.

ஒரே ஒரு வேண்டுதல். அங்கேயும் ஏதாவது ஆலை கட்ட வருவார்கள். எவ்வளவு பேர் மறித்தாலும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

மரித்சா வெளியே கொடியில் துணி காயப்போடுகிறாள். ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள், வரி தப்புத் தப்பாக. அதைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லை, அம்மா. நீங்கள் நெடுங்காலம் சுகமாக இருக்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
நொல்பெர்த்தோ தாப்பியா